ஒரே லேப்டாப், உள்ளே நாலு கம்ப்யூட்டர்! வீட்டு லேபுக்கு எந்த சாஃப்ட்வேர் சரி?

லினக்ஸ், நெட்வொர்க்கிங், சைபர் செக்யூரிட்டி என எதைப் படிக்க ஆரம்பித்தாலும் முதல் வாரத்திலேயே, "வீட்ல ஒரு லேப் போட்டுக்கோங்க" என்பார்கள். உடனே நாலு சிபியு, சுவிட்ச், கேபிள் என்று பட்ஜெட் போட வேண்டாம். இருக்கும் ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். உள்ளே ஓடுபவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம் என்று பெயர். அவற்றை ஓட்டும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர்.

எந்த ஹைப்பர்வைசர் நல்லது என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த கம்ப்யூட்டரை வீட்டில் வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?

வீட்டுக்கே ஒரு லேப்டாப்தான் என்றால்...

அப்பாவின் கணக்கு வழக்கு, தங்கையின் காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் அதே லேப்டாப்பில் இருந்தால், விண்டோஸைத் தொடவே கூடாது. மற்ற சாஃப்ட்வேர் மாதிரி விண்டோஸுக்கு மேலேயே இன்ஸ்டால் ஆகும் ஹைப்பர்வைசர் போதும். பிடிக்கவில்லையா, நீக்கிவிட்டுப் போகலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் தாராளமாகப் போதும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். கூடவே வரும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' மட்டும் தனி லைசென்ஸ். வீட்டில் சொந்தமாகப் பழக அது இலவசம், ஆபீஸ் வேலைக்கு அல்ல. கற்றுக்கொள்பவருக்குப் பெரும்பாலும் அது தேவையும் படாது.

அடுத்தது விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ. ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. விஎம்வேரை வாங்கிய பிராட்காம், 2024 நவம்பரில் இதை எல்லோருக்கும் இலவசமாக்கியது. டவுன்லோடு செய்ய பிராட்காம் தளத்தில் கணக்கு திறக்க வேண்டும். அந்த ஒரு படிதான் கொஞ்சம் எரிச்சல்.

மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி விண்டோஸுடனேயே வருகிறது. ஆனால் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும்தான். கடையில் வாங்கும் பல லேப்டாப்களில் இருப்பது ஹோம் பதிப்பு. அதில் இது கிடையாது.

விர்ச்சுவல்பாக்ஸ் ஆமை வேகத்தில் ஓடினால், விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். நிஜமாகவே ஒரு ஆமை படம் தெரியலாம்! பின்னணியில் ஹைப்பர்-வி இயங்குகிறது, அதன் வழியாகத்தான் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடுகிறது என்று அர்த்தம். டபிள்யூஎஸ்எல் 2, மெமரி இன்டெக்ரிட்டி போன்றவை ஆன் ஆகியிருந்தாலும் இப்படி வரும்.

எம் சீரிஸ் சிப் உள்ள மேக்புக் என்றால் கதை வேறு. ஏஆர்எம் வகை லினக்ஸ்தான் அதில் வேகமாக ஓடும். யுடிஎம் என்ற இலவச ஆப் அதற்குக் கைகொடுக்கும்.

பழைய பிசி ஒன்று சும்மா கிடக்கிறதா?

அப்படியானால் ப்ராக்ஸ்மாக்ஸ். ஆஸ்திரியாவின் வியன்னாவில் உருவாகும் இது, டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. விண்டோஸே இல்லாமல் நேரடியாக பிசியில் ஏறும். பிறகு மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம், வேறு லேப்டாப்பின் பிரவுசரிலிருந்தே இயக்கலாம். நிஜ சர்வர் ரூம் எப்படி இருக்கும் என்பதற்கு மிக நெருக்கமான அனுபவம். லாகின் செய்யும்போது 'சப்ஸ்கிரிப்ஷன் இல்லை' என்று ஒரு அறிவிப்பு வரும், பயம் வேண்டாம். வைஃபை மட்டும் இதற்கு ஒத்துவராது, லேன் கேபிள் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இன்ஸ்டால் செய்யும்போது நீங்கள் தேர்வு செய்யும் டிஸ்க் முழுவதும் அழிந்துவிடும். போட்டோ, ஃபைல் எதுவும் மிஞ்சாது. குடும்ப லேப்டாப்பில் 'சும்மா ட்ரை பண்ணுவோம்' என்று இறங்குவது வேண்டவே வேண்டாம்.

இதே ரகத்தில் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ உண்டு. அதன் இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் பிராட்காம் நிறுத்தியது, 2025 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தது. நடுவில் அதை நம்பி வீட்டு லேப் வைத்திருந்தவர்கள் பலர் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் போனார்கள். அதனால் ஒரே பிராண்டின் பட்டன்களை மனப்பாடம் செய்வதைவிட, ஐபி, டிஸ்க், ஃபயர்வால் எப்படி வேலை செய்கின்றன என்று பழகுவது நல்லது.

ரேம் எவ்வளவு வேண்டும்?

ப்ராசஸரைவிட ரேம்தான் முதலில் தீரும். 8 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸ் எடுத்தது போக, டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் விஎம் இரண்டை தலா 1 ஜிபி கொடுத்து ஓட்டலாம். விண்டோஸ் சர்வரும் பழக வேண்டும் என்றால் 16 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. சர்வருக்குத் தனியாகச் செலவு இல்லை, மைக்ரோசாஃப்ட் 180 நாள் சோதனைப் பதிப்பு தருகிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியுவைத் தொட்டால், 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். அது டிசேபிள்ட் என்று காட்டினால் பயாஸில் போய் ஆன் செய்ய வேண்டும். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும்.

ஹேக்கிங் பழகுபவர்கள் கவனிக்க

மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் போன்ற, வேண்டுமென்றே ஓட்டைகளுடன் தரப்படும் விஎம்களை 'பிரிட்ஜ்டு' நெட்வொர்க்கில் வைத்தால், வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா கருவிகளும் அதைத் தொட முடியும். 'ஹோஸ்ட்-ஒன்லி' அல்லது 'இன்டர்னல்' நெட்வொர்க்கில் பூட்டி வைப்பதே சரி.

எதையாவது உடைத்துப் பார்க்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால், ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன, டிஸ்க் போனால் சேர்ந்தே போய்விடும். முக்கியமான விஎம்மை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ ஒரு காப்பி போட்டு வையுங்கள்.