பதிவேட்டுக்குள் வந்த பணியாளர்

சமூகப்பணி, செவிலியம், மருத்துவம், உளவளத்துணை ஆகிய உதவித் தொழில்களில் ‘மீள்நோக்கு’ என்பது இன்று பாடத்திட்டச் சொல்லாகிவிட்டது. பணியாளர் தாம் செய்ததையும், செய்யும்போது தமக்குள் நிகழ்ந்ததையும் திரும்ப எடுத்து ஆராய்ந்து அடுத்த முறைக்கு வழி காண்பதை அது குறிக்கிறது. 1983இல் அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷான் எழுதிய நூலையே இதன் தொடக்கமாகக் காட்டுவது வழக்கம். எனினும் சமூகப்பணிப் பதிவேடுகளின் வரலாற்றைப் பார்த்தால், அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இப்பழக்கம் வேரூன்றிவிட்டது புலப்படும்.

அந்தப் பதிவேடுகள் பிறந்ததோ வேறு நோக்கத்துக்காக. 1869இல் லண்டனில் தோன்றி, 1877இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் பரவிய அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கம், ஒரே குடும்பம் பல இடங்களில் உதவி வாங்குவதைத் தடுக்கவும் பிச்சையெடுப்பதை ஒடுக்கவும் விரும்பியது. ஆகவே சங்கத்தின் சார்பில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றவர்கள், பெரும்பாலும் நடுத்தர வர்க்கப் பெண்கள், வாடகை, கூலி, குடிப்பழக்கம், அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயம் என எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வைத்தனர். அந்தத் தாள்களில் ஏழை மட்டுமே இருந்தார். அவரைப் பார்த்த கண் இல்லை. 1889இல் பால்டிமோர் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்த மேரி ரிச்மண்ட், 1917இல் வெளியிட்ட ‘சோசியல் டயக்னோசிஸ்’ என்னும் பெருநூலில் இவ்விசாரணைக்கு முறையான வடிவம் கொடுத்தார். சான்றுகளைத் திரட்டுவது, ஒப்பிடுவது, அவற்றிலிருந்து முடிவுக்கு வருவது ஆகியவற்றை விளக்கிய அவர், விசாரிப்பவரின் முன்முடிவுகளே அம்முடிவைக் கோணலாக்கக்கூடும் என்றும் எச்சரித்தார். ஆயினும் அவருக்கு அது களைய வேண்டிய பிழையே ஒழிய, கற்க வேண்டிய பாடமன்று.

உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு சமூகப்பணிக்குள் நுழைந்தபின் இது மாறியது. பென்சில்வேனியாவின் வர்ஜினியா ராபின்சன் 1930இல் எழுதிய நூல், உதவி பெறுபவரின் வரலாற்றிலிருந்து அவருக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவுக்குக் கவனத்தைத் திருப்பியது. 1936இல் அவர் மேற்பார்வையைப் பற்றியே தனி நூல் எழுதினார். இங்கு மேற்பார்வை என்பது கங்காணி வேலையன்று; மூத்த பணியாளர் ஒருவர் இளையவரோடு வாரந்தோறும் அமர்ந்து, அவர் கொண்டுவரும் பதிவைச் சேர்ந்து படிப்பதாகும். பெர்த்தா ரெனால்ட்ஸ் 1942இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் இன்னும் கூர்மையானது. தொழில் கற்பவர், தம்மைப் பற்றிய கூச்சம் மட்டுமே நிறைந்த முதல் நிலையிலிருந்து, மூழ்கினாலும் நீந்தினாலும் சரி என்று தத்தளிக்கும் இரண்டாம் நிலையையும், நிலைமை புரிந்தும் தம் செயலை ஆள முடியாத மூன்றாம் நிலையையும் கடந்து, ஓரளவு தேர்ச்சி பெற்று, இறுதியில் பிறருக்குக் கற்பிக்கும் நிலையை அடைகிறார் என்று அவர் வகுத்தார். மூன்றாம் நிலையை அவர் கண்டு சொன்னது பெரிய உதவி. தவறு தெரிந்தும் அதையே திரும்பச் செய்யும் மாணவர் மூடரல்லர் என்பதை அது ஆசிரியர்களுக்கு உணர்த்தியது.

இக்கல்வியின் கருவி ‘புராசஸ் ரெக்கார்டிங்’ எனப்படும் உரையாடற்பதிவு. தாளை நெடுக்காகப் பிரித்து, ஒரு பத்தியில் இருவரும் பேசியதை நினைவிலுள்ளபடி எழுதி, அடுத்த பத்தியில் அப்போது தமக்குள் எழுந்த உணர்வைக் குறித்து, மற்றொன்றை மேற்பார்வையாளருக்கு விடுவது அதன் பொதுவான அமைப்பு. இறந்த பிள்ளையைப் பற்றி ஒரு தாய் பேசத் தொடங்கியதும் மாணவி ரேஷன் அட்டையைப் பற்றிக் கேட்டதாகப் பதிவில் இருந்தால், ஓரத்தில் “பேச்சை ஏன் மாற்றினீர்கள்?” என்ற ஒரு வரிதான் வரும். அந்த வரிக்கு விடை தேடுவதே மீள்நோக்கு.

இம்மரபு பம்பாய்க்கு அமெரிக்கர் வழியாகவே வந்தது. நாக்பாடாவில் 1926இல் சமூக இல்லம் நிறுவிய கிளிஃபர்ட் மான்ஷார்ட், 1936இல் தொடங்கிய சர் தொராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளியின் முதல் இயக்குநரானார். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய சென்னை சமூகப்பணிப் பள்ளியும் களப்பணி, அறிக்கை, தனிக் கலந்துரையாடல் என்ற அதே முறையில் மாணவரைப் பயிற்றியது. ஆனால் தமிழில் நடந்த பேச்சு அறிக்கையில் ஆங்கிலமாகிவிடுவது இங்குள்ள தனிச்சிக்கல்; ‘வயித்தெரிச்சல்’ என்று ஒரு பெண் சொன்னது வெறும் கோபமாகவோ பொறாமையாகவோ தாளில் இறங்கும்போது, திரும்பிப் பார்க்க வேண்டிய பொருளே பாதி கரைந்துவிடுகிறது.

சமூகப்பணியின் இவ்வழக்கத்தை மருத்துவம் கடன் வாங்கியதும் குறிப்பிடத்தக்கது. மண வாழ்க்கைச் சிக்கல்களைக் கையாண்ட சமூகப்பணியாளர்களோடு லண்டனில் ஈனிட் பாலின்ட் நடத்திய கலந்துரையாடல் முறையைத்தான், அவருடைய கணவர் மைக்கேல் பாலின்ட் 1950களில் பொது மருத்துவர்களுக்கு ஏற்றவாறு மாற்றினார். அவருடைய குழுக்களில் மருத்துவர் குறிப்பேட்டைப் பார்க்காமல் பேச வேண்டும்; எதை மறந்தார் என்பதும் ஆராய்ச்சிக்கு உரியது. செவிலியரிடையே நிலைமை வேறு. லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960இல் எழுதிய கட்டுரை, நோயாளியைப் பெயரால் அழைக்காமல் கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடுவது வேதனையை நெருங்கவிடாத தற்காப்பு என்று காட்டியது. யோசிக்க நேரமில்லாமையைவிட யோசிக்க அஞ்சும் அமைப்பே தடை என்பது அதன் சாரம்.

ஷான் இவற்றுக்கெல்லாம் பெயர் சூட்டியவர். ஏட்டறிவு செல்லுபடியாகும் மேட்டுநிலத்தையும், மனிதரின் உண்மையான சிக்கல்கள் கிடக்கும் சதுப்பு நிலத்தையும் வேறுபடுத்திய அவர், செயலின் நடுவிலேயே சிந்திப்பதைச் சிறப்பித்தார். கட்டடக்கலை, உளச்சிகிச்சை, நகரத் திட்டமிடல் முதலியவற்றை ஆராய்ந்த அவருடைய 1983ஆம் ஆண்டு நூலில் சமூகப்பணிக்குத் தனி அத்தியாயம் இல்லை. அதன்பின் மீள்நோக்கு படிவமாகச் சுருங்கியது விரைவாக நடந்தது. 1988இல் கிரஹாம் கிப்ஸ் வகுத்த ஆறு கட்டச் சுழற்சி செவிலியர் கல்வியில் பரவியது. 2016 முதல் பிரிட்டனில் செவிலியர் பதிவைப் புதுப்பிக்க மூன்றாண்டுகளுக்கு ஐந்து மீள்நோக்குக் குறிப்புகள் கட்டாயமாயின. கட்டாயத்தின்பேரில் எழுதப்படும் குறிப்பில் எழுதுபவர் தம்மைத் தேடுவதைவிட மதிப்பிடுபவரைத் திருப்திப்படுத்துவதே எளிது.

2018இல் ஒரு மருத்துவர் மீதான வழக்கு பிரிட்டனில் பெரும் விவாதமானபோது, தம் தவறுகளைப் பற்றித் தாமே எழுதிய குறிப்புகள் தமக்கெதிரான சான்றாகலாம் என்ற அச்சம் மருத்துவர்களிடையே பரவியது. அரசு நியமித்த சர் நார்மன் வில்லியம்ஸ் குழு, பணித்தகுதி விசாரணைக்காக அக்குறிப்புகளைக் கேட்டுப் பெறும் அதிகாரம் தொழில் ஒழுங்காற்று அமைப்புகளுக்கு இருக்கக் கூடாது என அவ்வாண்டு ஜூனில் பரிந்துரைத்தது. நீதிமன்றம் கேட்டால் மறுப்பதற்கான சட்டப் பாதுகாப்பு எதையும் அக்குழு பரிந்துரைக்கவில்லை.