மலையில் நிலம், தொலைவில் மன்றம்

நிறுவனச் சட்டத்துறையில் நுழையும் இளைஞர்கள் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, இப்பணியில் பயணம் எவ்வளவு என்பது. ஒப்பந்தம் எழுதுபவருக்குக் குறைவு, வழக்காடுபவருக்கு மிகுதி என்பது வழக்கமான விடை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புற வரலாறு இவ்விடைக்கு இன்னொன்றையும் சேர்க்கிறது. வழக்கறிஞரின் பயணத்தொலைவைத் தீர்மானிப்பது நிறுவனம் மட்டுமன்று. வழக்கை எந்த மன்றம் கேட்கிறது என்பதும் ஆகும். அத்தொலைவின் சுமை இரு தரப்புக்கும் ஒரே அளவினதாக இருந்ததில்லை.

1949க்கு முன் இப்பகுதி மூன்று ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. தேவிகுளம் திருவிதாங்கூரையும், சித்தூர் கொச்சியையும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தையும் சேர்ந்தவை. பாலக்காட்டு வழக்கின் மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கும் முடியாவிடில் இலண்டனின் பிரிவி கவுன்சில் வரை செல்லலாம். அண்டையிலிருந்த சித்தூரின் வழக்கு எர்ணாகுளத்தில் நின்றது. தேவிகுளத்தின் வழக்கோ திருவனந்தபுரம் சென்றது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்தில் அமைந்தது. 1956இல் மலபாரும் சேர்ந்தபின் மூன்று பாதைகளும் அவ்வூரிலேயே முடிந்தன.

தேவிகுளத்தின் நிலை தனித்தன்மை உடையது. 1877இல் பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு ஓர் ஆவணத்தின் மூலம் அளித்தார். 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் நிறுவனம் உருவாயிற்று. அந்நாளில் மூணாற்றின் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. சரக்கின் முகம் மதுரையை நோக்கியிருக்க, நிலத்தின் மீதான நீதியின் முகம் திருவனந்தபுரத்தை நோக்கியிருந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலை இரயிலையும் பழைய சாலையையும் அழித்தது. 1931இல் திறக்கப்பட்ட ஆலுவா–மூணாறு சாலையே மேற்குக்கரை நோக்கிய பயணத்தை எளிதாக்கியது.

இந்நிலத்தின் மிகப்பெரிய வழக்கு நேரே தில்லியில் நடந்தது. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகளின் நிலத்தை மீட்கும் சட்டத்தை இயற்றியது. நிலத்தை வேளாண் மக்களுக்கும் வேளாண் தொழிலாளர்களுக்கும் ஒதுக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அச்சட்டத்தை எதிர்த்து நிறுவனம் உச்சநீதிமன்றத்தை அணுகியது. அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவு அடிப்படை உரிமை கோருவோருக்கு அவ்வழியைத் திறந்து வைத்திருக்கிறது. 1972 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1974இல் நில வாரியம் ஏறத்தாழ 57,000 ஏக்கரை நிறுவனத்திடம் விட்டு, ஏறத்தாழ 70,000 ஏக்கரை அரசுக்கு உரியதாக்கியது. நிறுவனமும் அரசும் தில்லிக்கு வழக்கறிஞரை அனுப்ப வல்லவை. யாருடைய பெயரால் சட்டம் இயற்றப்பட்டதோ அந்தத் தொழிலாளி இருந்த லயத்துக்கும் தில்லிக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

தொலைவு நிலத்தில் மட்டும் இல்லை, மொழியிலும் இருந்தது. தோட்டத்தில் பேசப்படுவது தமிழ். வட்ட அலுவலகக் கோப்பு மலையாளம். உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி ஆங்கிலம். சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வுரிமை உயர்நீதிமன்றத்தின் வாயிலில் முடிந்துவிடுகிறது. வழக்கு மலையிறங்கும் ஒவ்வொரு கட்டத்திலும் வழக்குக்கு உரியவரின் சொல் இன்னொருவரின் சொல்லாகிறது.

சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடை இதே கதையைச் சமவெளியில் சொல்கிறது. 2000ஆம் ஆண்டில் அங்கே கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்றுநீர் கெட்டது என்று 2002 ஏப்ரலில் பழங்குடியினர் ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினர். 2003இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடிநீர் பொதுச்சொத்து என்று அதே ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இருநீதிபதி அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க இசைந்தது. வழக்கு தில்லி சென்று, ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் 2017இல் தெரிவித்ததோடு முடிந்தது. போராட்டத்தின் முகமாக விளங்கிய மயிலம்மா 2007இலேயே மறைந்துவிட்டார். உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வரைவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அத்தீர்ப்பாயம் அமைந்திருந்தால் இழப்பீடு கேட்க ஊர்மக்கள் தில்லியை நோக்கியிருக்க வேண்டியதில்லை.

நிறுவன வழக்கறிஞருக்குப் பயணம் கணக்கில் எழுதப்படும் செலவு. வண்டிக்கூலி, விடுதிக் கட்டணம் அனைத்தையும் கட்சிக்காரரான நிறுவனம் ஏற்கிறது. கூலித்தொழிலாளிக்கு எர்ணாகுளம் சென்று திரும்புவது ஒரு நாள் கூலியை இழப்பது. வழக்கு தள்ளிவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் முதலாமவரின் கட்டணப் பட்டியல் நீள்கிறது, இரண்டாமவரின் அடுப்பு அணைகிறது.

எனினும் சட்டத்தில் எதிர்த்திசைப் பாதையும் உண்டு. அசையாச் சொத்து பற்றிய வழக்கு, சொத்து இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில் தொடுக்கப்பட வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. ஹாரிசன்ஸ் மலையாளம் தோட்ட வழக்கில், உரிமையைத் தனி அதிகாரி முடிவு செய்ய இயலாது என்று 2018இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் மாநில அரசு உரிமையியல் நீதிமன்றங்களை நாட முடிவு செய்தது. இப்பாதையில் பயணம் தலைகீழாகிறது: நகரத்து வழக்கறிஞர் நிலத்தை நோக்கி வர வேண்டும், மூல ஆவணத்தையும் எல்லைக்கல்லையும் ஊர்ச்சாட்சியையும் அவற்றின் இடத்திலேயே சந்திக்க வேண்டும்.

2020க்குப் பின் காணொளி விசாரணை பல பயணங்களைக் குறைத்துள்ளது. சட்டவாதத்துக்கு அது போதும். வற்றிய கிணற்றையும் மறைந்துபோன எல்லையையும் திரையில் அளந்துவிட முடியாது. ஆகவே பயணம் எவ்வளவு என்று கேட்கும் இளம் வழக்கறிஞர், அது எத்திசையில் என்பதையும் கேட்பது நன்று. இவ்வெல்லைப்புறத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலத்தின் வழக்குகள் நிலத்தை விட்டு விலகியே சென்றிருக்கின்றன. நிலத்தை நோக்கிச் சென்ற பயணங்கள் சிலவே. அங்கு வாழ்வோரின் குரல் நேராகக் கேட்க வாய்ப்பிருப்பது அவற்றில்தான்.