எல்இ:எஸ்12/16>>4: ஒரு வரிக்கு உரை

நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற எத்தனையோ தோட்டங்களில் இன்று செம்பனைதான் நிற்கிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட்டாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். அதனால் ஆலையில் பிழியும் இயந்திரம் படுத்தால் வெட்டு முதல் லோரி வரை எல்லாமே படுத்துவிடும். அதன் பேரிங் தேய்வதை முன்கூட்டியே அறிய, எல்ஐஎஸ்3டிஎச் போன்ற மலிவான அதிர்வு உணரியை ஒட்டி, ஒரு சின்ன லினக்ஸ் பலகையோடு இணைக்கலாம். ஒவ்வொரு அளவாகக் கேட்டால் சரியாகச் சொல்லும் அந்த உணரி, பஃபர் வழியே மொத்தமாக வாங்கினால் உளறுவதுபோல் தெரியும். உடனே உணரியின் லினக்ஸ் டிரைவரைத் திட்டுவோம். டிரைவரோ தன் தரவின் அமைப்பை, ஸ்கேன் எலிமென்ட்ஸ் அடைவில் உள்ள டைப் கோப்பில் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரிதான் இங்கே மூலம்.

'எல்இ' என்பது கீழ்மதிப்புப் பைட் முன்னே வரும் என்றபடி. உணரி மேசைமேல் சும்மா கிடக்கும்போது, இசட் அச்சில் 128, 62 என்று இரண்டு பைட் வரும். 62-ஐ 256-ஆல் பெருக்கி 128-ஐக் கூட்டினால் 16000. மாற்றிப் படித்தாலோ -32706.

'எஸ்' என்றதனால் குறியுள்ள எண் என்க. இதை விட்டவர் உணரியைத் தலைகீழாக ஒட்டினால் சிக்குவார்: -1000 வரவேண்டிய இடத்தில் 3096 வரும்.

'12/16' என்பது 16 பிட் இடத்தில் 12 பிட் மட்டுமே தரவு என்பது. '>>4' என்பது கீழே மிஞ்சும் 4 பிட்டை வலப்பக்கம் தள்ளி நீக்கு என்பது. 16000 அப்போது 1000 ஆகும். அதை ஸ்கேல் கோப்பிலுள்ள எண்ணால் பெருக்கினால் 9.8, நம் புவியீர்ப்பு. தள்ளாமல் பெருக்கியவருக்கு எல்லாம் 16 மடங்கு. சும்மா கிடக்கும் பேரிங்கும் வெடிக்கப் போவதாகத் தோன்றும்.

மூலம் இவ்வளவே. மூலம் சொல்லாமல் விட்டவை இரண்டு உண்டு. ஆளைப் படுத்துபவை அவைதாம்.

ஒன்று, இடைவெளி. மூன்று அச்சுக்கும் 6 பைட். நேரமுத்திரைக்கு 8 பைட். அது எட்டின் மடங்கில்தான் தொடங்கும். ஆகவே நடுவே 2 பைட் வெற்றிடம் விழுந்து, ஒரு வரிசை 16 பைட் ஆகிறது. 14 என்று கணக்குப் போட்டவருக்கு முதல் வரிசையின் மூன்று அச்சும் சரியாக வரும், அதன்பின் எல்லாம் கலங்கும். இந்த அறிகுறி தெரிந்தால் உணரியைத் தொடவே வேண்டாம்.

மற்றது, நிரம்பல். லினக்ஸில் இந்த வகை பஃபரின் தொடக்க நீளம் வெறும் 2. இரண்டே இரண்டு! வினாடிக்கு 400 அளவு வரும்போது படிக்கும் நிரல் சற்றே கண்ணயர்ந்தாலும் நிரம்பிவிடும். நிரம்பினால் பழையது அப்படியே இருக்கும், புதிதாக வருவது தொலையும். பால்மரத் தோட்டத்து ஸ்டோரில் தொட்டி நிறைந்ததும் வரிசையில் பின்னால் நிற்பவரின் வாளிப் பாலைக் கீழே கொட்டுவது போல. பிழைச் செய்தி ஏதும் நம் கண்ணுக்கு வராது. நேரமுத்திரையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்: அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே 2.5 மில்லிவினாடிதான் இருக்கலாம், 10 இருந்தால் மூன்று அளவு போயிற்று. நீளத்தை ஆயிரத்துக்கு மேல் உயர்த்துங்கள். பஃபரை இயக்கிய பிறகு மாற்ற முயன்றால் 'வேலையாக இருக்கிறேன்' என்று மறுத்துவிடும், ஆகவே நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

பஃபரில் ஒன்றுமே வரவில்லை என்றால் அது வேறு கதை: அச்சுகளை இயக்கினீர்களா, டிரிகர் கொடுத்தீர்களா என்று பார்த்தால் போதும்.

இத்தகைய உணரிகளையும் அவற்றின் பஃபரையும் கையாளும் ஐஐஓ அமைப்பு, ஜோனதன் கேமரன் தொடங்கியது; 2009-இல் லினக்ஸுக்குள் வந்தது. உலகெங்கும் ஏராளமான கருவிகளில் ஓடித் தேறியது. ஆகவே ஆலையில் எண்கள் உளறும்போது முதல் சந்தேகம் நம் நிரல்மேல் இருக்கட்டும். புது உணரிக்கு ஆர்டர் போடுமுன் டைப் கோப்பைத் திறந்து படியுங்கள்.