சித்தூர்ச் சீமையில் செவிக்குறைக்கு வழங்கிய சொற்கள்

1911-இல் தனி ஜில்லாவாகும் வரையில் வட ஆர்க்காட்டின் தலைநகராயிருந்த சித்தூரில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கி வந்தமையால், தமிழர் ‘செவிடு’ என்றதும் தெலுங்கர் ‘செவுடு’ என்றதும் எவருக்கும் விளங்கிற்று. செவிடனுக்குச் சங்கு ஊதும் பழமொழிகூட இரு பாஷைகளுக்கும் பொதுவாயிருக்க, அது யார் வீட்டுச் சொத்து என்று வழக்காடுவது வீண்.

வீட்டுப் பேச்சில் இதற்குப் பல படிகள் உண்டு. ‘பாட்டிக்குக் காது மந்தம், கிட்டப்போய்ச் சொல்லு’ என்பது மரியாதை. அதே வாய், கூப்பிட்ட குரலுக்கு வராத பிள்ளையைச் ‘செவிட்டு முண்டம்’ என்று வையவும் தயங்காது.

சர்க்கார் கணக்கிலோ இந்தப் படிகளுக்கு இடமில்லை. 1891-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஜனத்தொகைக் கணக்கை நடத்தியவர், வட ஆர்க்காட்டு ஜில்லாக் கையேட்டைப் பின்னர்த் திருத்திப் பதிப்பித்த எச். ஏ. ஸ்டூவர்ட். அக்காலத்துக் கணக்கு, இரு கண்ணும் இழந்தோர், பிறவியிலேயே செவிடும் ஊமையுமானோர், சித்தம் கலங்கினோர், குஷ்டரோகிகள் என நான்கு வகையினரையே குறித்தது. ஒற்றைக்கண்ணர் துரைத்தனத்தாருக்குக் கண்ணுள்ளவரே. காது மந்தமான பாட்டியும் அவ்வாறே கணக்குக்கு வெளியே நின்றாள். இதனினும் பெரிய பிழை, செவிட்டையும் ஊமையையும் ஒரே கட்டத்தில் அடைத்தது. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் எண்வகைக் குறைகளை எண்ணிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார்கூட இவ்விரண்டையும் தனித்தனியே வைத்தார். பேச்சைக் கேளாத குழந்தை பேசக் கற்பதில்லை என்பதன்றி, அதன் நாவிலும் தொண்டையிலும் பெரும்பாலும் குற்றம் யாதுமில்லை. அது கைகளால் பேசும் பாஷையைப் பாஷையென்று ஒப்பாதவர்களே அதனை ஊமையாக்கினர். அந்தப் பிணைப்பு எளிதில் அறவில்லை: திருப்பதியில் தேவஸ்தானத்தார் நடத்தும் காது கேளாதோர் பள்ளியை இன்றும் ‘டெஃப் அண்ட் டம்’ பள்ளி என்போர் உண்டு.

சர்க்கார் பதங்களோ பிற்காலத்தில் வேகமாக மாறின. தெலுங்கில் ‘விகலாங்குலு’ போய் ‘விபின்ன பிரதிபாவந்துலு’ வந்தது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளி’. 2015-இல் டில்லியிலிருந்து ‘திவ்யாங்’. இவையெல்லாம் பெரும்பாலும் பெயர்ப்பலகையோடு நின்றுவிட, ஜனங்களின் நாவில் ஏறியதோ ‘சதரம்’ என்பது. ஆங்கிலப் பெயரொன்றின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த அச்சொல், குறையின் அளவை மருத்துவர் சதவீதத்தில் எழுதித் தரும் சான்றிதழுக்கு ஆகிவிட்டது. சலுகைகளுக்குச் சட்டம் 40 சதவீதத்தை எல்லையாக வைத்திருப்பதால், சான்றிதழ் முகாமுக்குப் போய் வந்தவரை அண்டை வீட்டார் கேட்பது, ‘சதரத்துல எவ்வளவு போட்டாங்க?’ என்பதுதான்.