காரணவர் செலவும் கவிமணி கணக்கும்

நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பங்களில் சொத்து எப்படிக் கைமாறியது என்று சென்ற வாரம் பார்த்தோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளின் வயலும் தோப்பும் குடும்பத் தலைவரான காரணவர் கையில். அவருக்குப் பின் சகோதரி மகனுக்கு. பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஏதோ கிடைக்கும். அதுவும் நாலில் ஒரு பங்கைத் தாண்டாது. இந்த முறை வீட்டுக்குள் செய்த கொடுமையை ஊரறியச் சொன்னவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை.

1876-ல் தேரூரில் பிறந்தவர். பாடப்புத்தகம் அவரைக் குழந்தைப் பாட்டுக்காரராகவே நமக்குப் பழக்கிவிட்டது. ஆனால் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதிய கையும் அதே கைதான். திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த ‘தமிழன்’ இதழில் 1917, 1918-ல் தொடராக வந்தது. புத்தகமாக வர 1942 ஆயிற்று.

தலபுராணம்போலப் படலம் படலமாகப் போகும் நூல். தெய்வத்தின் பெருமை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பண்ணையாரின் குடும்பக் கதை. அதைச் சொல்பவள் அவருடைய ஐந்தாம் மனைவி. கவிமணியின் பெரிய துணிவு இதுதான் என்பேன். மருமகனைப் பேசவிட்டிருந்தால் அது சொத்துத் தகராறாகப் போயிருக்கும். ஊர்ப் பெரியவரைப் பேசவிட்டிருந்தால் உபதேசம் ஆகியிருக்கும். ‘மாமி அரசியற் படலம்’ படித்துப் பாருங்கள். வேலையெல்லாம் அவள் தலையில், அதிகாரமெல்லாம் மாமியார் கையில். புருஷன் அடுத்தடுத்துக் கட்டிய தாலிகளுக்கும் அவருடைய வீம்புக்கும் ஆன செலவு என்ன என்பது அடுக்களையில் நின்றவளுக்குத்தான் தெரியும். ‘கோடேறிக் குடிமுடித்த படல’த்தில் வழக்கே குடும்பத்தைத் தின்றுவிடுகிறது. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

பகட்டையும் குடும்பச் செலவையும் நையாண்டி செய்த பாட்டு அமெரிக்காவிலும் உண்டு. 1857-ல் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வார இதழில் வில்லியம் ஆலன் பட்லர் எழுதிய ‘நத்திங் டு வேர்’ நாடெங்கும் பரவியது. மூன்று முறை பாரிஸுக்குப் போய் உடுப்புகளை வாங்கிக் குவித்தும், உடுத்த ஒன்றுமில்லை என்று புலம்பும் நியூயார்க் பணக்காரப் பெண்தான் அதில் கேலிப்பொருள். வீண்செலவு என்றதும் பெண்ணை நோக்கி விரல் நீட்டுவது எங்கும் சுலபம். நம்மவர் பெண்ணிடமே கணக்கு கேட்டார். எனக்கு மான்மியம் ஒரு படி உயர்ந்து தெரிவதற்குக் காரணம் அதுவே.

மருமக்கள்வழிச் சொத்துரிமையை மாற்றித் திருவிதாங்கூர் அரசு நாயர்களுக்கு 1925-ல் சட்டம் இயற்றியது. கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மருமக்கள்வழி மெல்ல மெல்ல மறைந்தது. ஒரு பாட்டு மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று சொன்னால் அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு அநீதி. ஆனால் வீட்டுக்குள் முணுமுணுத்த குறையை அச்சில் ஏற்றி, ஊர் கூடிப் பேசும் விஷயமாக்கியது மான்மியம்.

நூலகத்துக்குப் போனால் மான்மியம் கிடைக்கும். குடும்பங்களின் பழைய பாகப்பத்திரங்கள், ஒற்றி முறிகள், வழக்குக் கட்டுகள் அப்படியல்ல. வீடு இடிக்கும்போது குப்பையோடு போகின்றன. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிப் படித்து வரலாறு கண்டவர் கவிமணி. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு கிடந்தால் எரித்துவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் தமிழ்த்துறையிலோ வரலாற்றுத்துறையிலோ ஒரு நகலாவது கொடுத்துவையுங்கள்.