மறுபோட்டிக்குக் காத்திருந்த பெண்கள்

1938 ஜூன் 22, புதன்கிழமை இரவு. நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஜோ லூயிஸும் மாக்ஸ் ஷ்மெலிங்கும் இரண்டாவது முறையாக மோதினார்கள். முதல் சுற்றிலேயே, இரண்டு நிமிடம் நான்கு நொடியில் ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்காக மக்கள் காத்திருந்தது இரண்டு ஆண்டுகள். அமெரிக்கக் கறுப்பனா, ஹிட்லரின் ஜெர்மானியனா என்று உலகமே பார்த்த அந்த ஹெவிவெயிட் மறுபோட்டியின் கதை புத்தகங்களிலும் ஆவணப்படங்களிலும் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. எந்தக் குத்து எங்கே விழுந்தது என்பதுவரை எண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டு நிமிடத்தைவிட அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. காத்திருந்தவர்கள் யார் யார், எதற்காகக் காத்திருந்தார்கள் என்று கேட்டால் கதையின் முகமே மாறிவிடுகிறது.

இந்தக் கேள்வி எனக்குச் சங்க இலக்கிய வகுப்பிலிருந்து வந்தது. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். போருக்குப் போனவன் திரும்பும்வரை அவள் ஆற்றியிருக்க வேண்டும். புறத்திலோ மூதின்முல்லை என்று ஒரு துறையே இருக்கிறது. குடும்பத்து ஆண்களைப் போரில் இழந்தவள் மிஞ்சிய ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புவதை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். மகன் புறமுதுகு காட்டினானா என்று களத்தில் பிணங்களைப் புரட்டிப் பார்த்த தாயைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார். காயம் ஆணின் உடம்பில். அதன் மானத்துக்கு ஈடு நிற்பவள் பெண். பாடமாக நடத்தி நடத்திப் பழகிப்போன இந்த ஏற்பாடு, கையுறை மாட்டிய இருவர் மோதும் களத்திலும் அப்படியே இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது.

ஜோ லூயிஸ் 1914இல் அலபாமாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். தந்தை மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். தாய் லில்லிதான் பிள்ளைகளை வளர்த்து, 1926இல் டெட்ராய்ட்டுக்குக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். வயலின் கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மா கொடுத்த காசை மகன் குத்துச்சண்டைக் கூடத்துக்குக் கட்டினார் என்பது எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. பிள்ளை அடிபடாத ஒரு வாழ்க்கையை வாழவேண்டும் என்று சில்லறை சேர்த்த ஒரு கறுப்பினத் தாய் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறாள். அவளுடைய அந்த எதிர்பார்ப்புக்கு மறுபோட்டி கிடைக்கவேயில்லை.

1936 ஜூன் 19 அன்று, அதே மைதானத்தில் நடந்த முதல் போட்டியில், அதுவரை தோற்காத லூயிஸ் 12ஆவது சுற்றில் வீழ்ந்தார். இடக்கையால் குத்திய பிறகு லூயிஸ் அந்தக் கையைத் தாழ்த்திவிடுகிறார் என்பதைப் படச்சுருள்களைப் பார்த்து ஷ்மெலிங் கண்டுபிடித்திருந்தார். தாழ்ந்த கைக்கு மேலாக அவருடைய வலக்கை இறங்கிக்கொண்டேயிருந்தது. அன்றிரவு ஹார்லெம் தெருக்களில் ஆண்கள் வாய்விட்டு அழுததையும் பெண்கள் நடைபாதை ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டதையும் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பதிவு செய்திருக்கிறார்.

அப்போது லீனா ஹார்னுக்கு 18 வயது. நோபிள் சிசில் இசைக்குழுவின் பாடகி. மேடைக்குப் பின்னால் குழுவினரோடு வானொலியில் ஆட்டத்தைக் கேட்டவர் உடைந்து அழுதார். நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவனுக்காக இப்படி அழலாமா என்று அம்மா சீறினார். அவர் நம் எல்லோருக்கும் சொந்தம் என்று மகள் திருப்பிக் கத்தினார். பிற்காலத்தில் ஹார்னே தன் வாழ்க்கைக் கதையில் இதைச் சொன்னார். மறுபோட்டிக்கான காத்திருப்பு அந்த இரவே தொடங்கிவிட்டது என்பேன். அது வெறும் ரசிகரின் காத்திருப்பு இல்லை. வெள்ளையர் உலகத்தில் திருப்பி அடிக்க அனுமதி பெற்ற ஒரே கறுப்பு உடம்பு அவருடையது. அது தரையில் கிடந்தபோது, திருப்பி அடிக்கவே முடியாதவர்களுக்கு எல்லாம் வலித்தது.

தோல்வி என்றால் காரணம் வேண்டும். காரணம் என்றால் பெண் வேண்டும். லூயிஸின் மனைவி மார்வா ட்ராட்டர் சிகாகோவில் செயலாளராக வேலை பார்த்தவர். 1935 செப்டம்பர் 24 அன்று, மாக்ஸ் பேருடனான ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் அவர்கள் திருமணம் நடந்தது. அன்றிரவு லூயிஸ் ஜெயித்தார். அதற்கு மார்வா காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்துத் தோற்றபோது, புதுமனைவியின் மயக்கத்தில் பயிற்சி கெட்டது என்று பேசினார்கள். வேறு பெண்களுடன் தனக்கிருந்த தொடர்புகளை லூயிஸே பின்னாளில் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். பழி மார்வாவின் தலையில் விழுந்தது. நம் ஊரில் மருமகள் வந்த நேரம் சரியில்லை என்பார்களே, அதே கணக்குதான்.

பெர்லினில் இன்னொருத்தி காத்திருந்தாள். ஷ்மெலிங்கின் மனைவி ஆனி ஓன்ட்ரா, புகழ்பெற்ற செக் நடிகை. ஹிட்ச்காக்கின் 1929ஆம் ஆண்டுப் படமான ‘பிளாக்மெயில்’ பேசும் படமாக மாறியபோது, ஓன்ட்ராவின் உச்சரிப்பு ஆங்கிலேயக் காதுக்கு ஒத்துவரவில்லை. அவர் வாயை அசைக்க, கேமராவுக்கு வெளியே நின்று ஜோன் பேரி வசனம் பேசினார். முதல் போட்டி நடந்த இரவு இதே ஓன்ட்ரா கோயபல்ஸ் வீட்டில், கோயபல்ஸ் தம்பதியோடு உட்கார்ந்து வானொலியில் கணவரின் ஆட்டத்தைக் கேட்டார். ஒரு மனைவியின் பதற்றம் அந்த வரவேற்பறையில் ஓர் அரசாங்கத்தின் விளம்பரமாயிற்று. வெற்றிக்குப் பிறகு ஹிட்லர் ஷ்மெலிங்கை மட்டும் விருந்துக்கு அழைக்கவில்லை. மனைவியும் தாயும் உடன் அழைக்கப்பட்டார்கள். பெண்கள் இருந்தால்தானே வீரனின் படம் நிறைவுபெறும்! அந்தப் படத்திலும் ஓன்ட்ராவுக்குக் குரல் இல்லை.

லூயிஸுக்கு அவருடைய மேலாளர் ஜான் ராக்ஸ்பரோ வகுத்த விதிகளில் ஒன்று, வெள்ளைப் பெண்ணோடு ஒருபோதும் புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. வீழ்ந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பது இன்னொன்று. 1908இல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனின் நிழல் இந்த விதிகளில் இருக்கிறது. அவர் சிரித்தார், வெள்ளைப் பெண்களை மணந்தார். 1910இல் அவர் ஜிம் ஜெஃப்ரிஸை வென்றபோது பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கின. பெண்களைப் பாலியல் தொழிலுக்குக் கடத்துவதைத் தடுக்க என்று கொண்டுவரப்பட்ட ‘மான் சட்டம்’ 1913இல் ஜான்சனைத் தண்டிக்கப் பயன்பட்டது. வெள்ளைப் பெண்ணின் கற்பைக் காப்பது என்ற பேச்சு கறுப்பர்களைக் கொன்று தொங்கவிடுவதற்கான சாக்கு என்று இதழாளர் ஐடா பி. வெல்ஸ் 1892லேயே எழுதினார். லூயிஸ் கையுறை மாட்டும் முன்பே பெண்ணுடல் அந்தக் களத்தின் எல்லைக்கயிறாகக் கட்டப்பட்டிருந்தது. சாதி மறுத்து மணந்ததற்காகப் பிள்ளைகளை வெட்டிப்போடும் நிலத்திலிருந்து படிக்கிற நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

இரண்டு ஆண்டுகளில் எதிர்பார்ப்பு எப்படி ஏறியது என்று பார்க்கலாம். சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்குடன் மோதும் உரிமை நியாயப்படி ஷ்மெலிங்குக்கு உரியது. நாஜி எதிர்ப்புப் புறக்கணிப்பு இயக்கமும், பட்டம் ஜெர்மனிக்குப் போய்விடுமே என்ற பயமும், பணக் கணக்கும் சேர்ந்து அதைத் தடுத்தன. 1937 ஜூனில் நடக்காத அந்த ஆட்டத்துக்கு ஷ்மெலிங் மட்டும் வந்து எடை பார்த்துவிட்டுப் போனார். அதே மாதம் 22ஆம் தேதி சிகாகோவில் லூயிஸ் பிராடக்கை வீழ்த்திப் பட்டம் வென்றார். ஷ்மெலிங்கை வெல்லும்வரை தன்னைச் சாம்பியன் என்று அழைக்க வேண்டாம் என்றார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். அதற்குச் சற்று முன்புதான், கும்பல் கொலைக்கு எதிரான சட்ட முன்வரைவை அமெரிக்க செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே கொன்றிருந்தார்கள். உள்நாட்டில் சட்டத்தால் காக்க மறுத்த ஒரு கறுப்பனிடம், வெளிநாட்டு இனவெறியிலிருந்து தேசத்தின் மானத்தைக் காக்கச் சொன்னது அமெரிக்கா.

யாங்கி ஸ்டேடியம் இருப்பது பிராங்ஸில். அந்த ஆண்டுகளில் பிராங்ஸில் இன்னொரு காத்திருப்பும் நடந்தது. கறுப்பினப் பெண்கள் வேலை உடையைக் காகிதப் பையில் சுருட்டிக்கொண்டு காலையிலேயே தெருமுனைகளில் வந்து நிற்பார்கள். வீட்டுக்காரப் பெண்கள் வந்து பேரம் பேசி, ஒரு மணி, இரண்டு மணி என்று ஆளைக் கூட்டிப் போவார்கள். எலா பேக்கரும் மார்வெல் குக்கும் அந்தப் பெண்களோடு நின்று பார்த்து, 1935 நவம்பர் ‘தி கிரைசிஸ்’ இதழில் அதை ‘அடிமைச் சந்தை’ என்றே பெயரிட்டு எழுதினார்கள். கூலி மணிக்கு 15 சென்ட், 20 சென்ட். அதிர்ஷ்டம் இருந்தால் 30. அதே 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களையும் விவசாயக் கூலிகளையும் வெளியே நிறுத்தியது. கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். மறுபோட்டியின் வரலாற்றில் மைதானத்துக்கு வந்த சுமார் 70,000 பேர் எண்ணப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தெருமுனைகளை நான் அதே வரலாற்றின் பக்கமாகவே வாசிக்கிறேன்.

இந்தப் பெண்களுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டது வானொலி. நுழைவுச்சீட்டு வேண்டாம், துணைக்கு ஆண் வேண்டாம். சோறு வடித்துக்கொண்டும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் கேட்கலாம். மாயா ஏஞ்சலோ 1969இல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஆர்கன்சாவின் ஸ்டாம்ப்ஸ் ஊரில் பாட்டியின் கடையில் லூயிஸின் ஆட்டம் ஒன்றைக் கேட்ட இரவை எழுதியிருக்கிறார். கடை நிறையப் பெண்களும் மடியில் குழந்தைகளும். லூயிஸ் அடிவாங்கும் நேரத்தில் அவர்களுக்குக் கும்பல் கொலையும் வல்லுறவும் நினைவுக்கு வருகின்றன. லூயிஸ் ஜெயிக்கிறார். ஆனாலும் தொலைவிலிருந்து வந்தவர்கள் அன்றிரவு வீடு திரும்பவில்லை. கறுப்பன் ஜெயித்த இரவில் தனிச் சாலை ஆபத்து என்று ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறார்கள். தோற்றாலும் பயம், வென்றாலும் பயம். இதை அறிந்துதான் அவர்கள் கேட்டார்கள். பந்தயம் கட்டியவர்களின் எதிர்பார்ப்போடு இதை ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போட்டி நாளில் அமெரிக்காவில் மட்டும் ஏழு கோடிப் பேர் வானொலி கேட்டார்கள் என்பது வழக்கமான மதிப்பீடு. அன்றைய மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். மணி அடித்தவுடன் லூயிஸ் பாய்ந்தார். ஒரு குத்தில் ஷ்மெலிங்கின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அவர் அலறியது அருகிலிருந்தவர்களுக்குக் கேட்டது. மூன்று முறை விழுந்தார். நடுவர் ஆர்தர் டோனவன் ஆட்டத்தை நிறுத்தினார். ஜெர்மனிக்குப் போன ஒலிபரப்பு அறுந்தது. ஹார்லெம் தெருக்களில் ஆட்டமும் பாட்டும் விடியும்வரை நிற்கவில்லை.

இதற்குப் பிந்தைய கதையை எல்லோரும் நெகிழ்ந்து சொல்வார்கள். நாஜி கட்சியில் சேராத ஷ்மெலிங், தன் யூத மேலாளர் ஜோ ஜேக்கப்ஸைக் கைவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் விடுதி அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். பிற்காலத்தில் லூயிஸும் அவரும் நண்பர்களானார்கள். வறுமையில் வாடிய லூயிஸுக்கு ஷ்மெலிங் உதவினார். நல்ல கதைதான், நான் மறுக்கவில்லை. மார்வா 1945இல் விவாகரத்து பெற்று, அடுத்த ஆண்டு அதே மனிதரை மீண்டும் மணந்து, 1949இல் மீண்டும் பிரிந்தார். அந்த மறுபோட்டியைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

பெண்கள் தாங்களே களம் இறங்க என்ன ஆயிற்று? லூயிஸ் ஜெயித்த அதே நியூயார்க் மாநிலம், 1975இல் ஜாக்கி டோனவாண்டா என்ற கறுப்பின வீராங்கனைக்குக் குத்துச்சண்டை உரிமம் தர மறுத்தது. வழக்குகளுக்குப் பிறகு 1978இல்தான் அவருக்கும் கேத்தி டேவிஸுக்கும் மரியன் டிரிமியருக்கும் உரிமம் கிடைத்தது. ஒலிம்பிக்ஸ் கதவு 2012இல் திறந்தது. மேரி கோம் வெண்கலம் வாங்கியது அப்போதுதான். 2024 நவம்பரில் கேட்டி டெய்லர், அமண்டா செரானோ மறுபோட்டியைப் பார்க்க உலகமெங்கும் ரசிகர்கள் கண்விழித்தார்கள். அது இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஆடிய முழு ஆட்டம். சுவரொட்டியில் முதலிடமோ 58 வயது மைக் டைசன் ஆடிய ஆட்டத்துக்கு.

1938 ஜூன் 23 வியாழக்கிழமை. வீட்டோடு தங்கி வேலை செய்த பெண்களுக்கு வழக்கமாக விடுப்பு கிடைத்த நாள் வியாழன். அந்த மாலைகளில் ஹார்லெமின் சவாய் நடன அரங்கம் அவர்களுக்காகவே திறந்திருக்கும். ‘சமையலறை மெக்கானிக்குகளின் இரவு’ என்று அதற்குப் பெயர். லூயிஸ் ஜெயித்த மறுநாள் அது. இரண்டு ஆண்டுகள் அடுப்படியில் காத்திருந்த பெண்கள் அன்று ஏப்ரனைக் கழற்றிவிட்டு, நல்ல உடுப்பு உடுத்தி, லெனாக்ஸ் அவென்யூவில் நடந்து போயிருப்பார்கள். மறுநாள் வெள்ளி. கூலி உயரவில்லை. ஆனாலும் அந்த ஓர் இரவு யாரும் கொடுத்ததல்ல, அவர்களே காத்திருந்து பெற்றது. வரலாறு எழுதும்போது அந்த இரவிலிருந்து தொடங்கவே எனக்கு விருப்பம்.