ஹேட்ரியன் சுவரும் விண்டோலாண்டா மரச்சுவடிகளும்

இங்கிலாந்தைச் சுற்றிப்பார்க்கச் செல்வோரில் பெரும்பாலோர் லண்டன், பாத், ஸ்டோன்ஹெஞ்ச், ஆக்ஸ்போர்டு எனத் தெற்கிலேயே சுற்றித் திரும்பிவிடுகின்றனர். ரோமானிய பிரிட்டனை அறிய விரும்புபவர் போகவேண்டிய இடம் வடக்கே, நியூகாசிலுக்கும் கார்லைலுக்கும் இடையே உள்ளது. அங்கே ஹேட்ரியன் சுவரின் எச்சங்களும் அதையொட்டிய கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் வரிசையாக அமைந்துள்ளன.

பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122 இல் பிரிட்டனுக்கு வந்தபோது தொடங்கப்பட்ட இச்சுவரின் நீளம் 73 மைல் (117 கி.மீ.). கிழக்குப் பகுதி கல்லாலும் மேற்குப் பகுதி முதலில் புல்மண் கட்டிகளாலும் எழுப்பப்பட்டன. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான எல்லையே இச்சுவர் என்று பலர் எண்ணுவது தவறு. சுவர் முழுவதும் இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கிறது.

ரோமானியர் சென்றபின் சுவரின் கற்கள் தேவாலயங்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போயின. 1745 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு படைகள் விரைந்து செல்ல அரசு ஒரு சாலை அமைத்தது. அதற்காக நெடுந்தூரத்துக்குச் சுவர் இடிக்கப்பட்டு, அதன் அடித்தளத்தின் மீதே சாலை போடப்பட்டது. இன்று பயணிகள் அச்சாலையில்தான் சுவரைத் தேடிச் செல்கின்றனர்! நியூகாசில் நகர எழுத்தராக இருந்த ஜான் கிளேட்டன் 1834 முதல் சுவர் செல்லும் நிலங்களை விலைக்கு வாங்கி, கல் எடுப்பதைத் தடுத்தார். நடுப்பகுதியில் இன்று நாம் காணும் சுவரில் பெரும்பங்கு அவரால் எஞ்சியது. அவர் திரட்டிய கல்வெட்டுகளும் சிலைகளும் செஸ்டர்ஸ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன.

சுவருக்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் விண்டோலாண்டா கோட்டை இருக்கிறது. இது சுவரைவிடப் பழமையானது. கி.பி. 85 அளவில் முதல் மரக்கோட்டை இங்கே கட்டப்பட்டது. ஒரு படைப்பிரிவு இடம்பெயரும்போது கட்டடங்களை இடித்துவிடும். அடுத்து வருபவர்கள் அந்த இடிபாட்டின் மேல் களிமண்ணும் புல்மண்ணும் பரப்பித் தமது கோட்டையைக் கட்டினர். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள் எழுந்தன. அடியில் மூடப்பட்ட ஈர மண்ணுக்குள் காற்று புகவில்லை. அதனால் வேறெங்கும் அழுகிப்போகும் மரம், தோல், துணி ஆகியவை இங்கே அழியாமல் கிடந்தன. காலணிகள் மட்டுமே ஐயாயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன. குழந்தைகளின் செருப்புகளும் அவற்றுள் உண்டு. எல்லைக் கோட்டை என்றால் ஆண்கள் மட்டும் வாழ்ந்த பாசறை என்ற பழைய கருத்து இதனால் மாறியது.

1973 இல் ராபின் பர்லி தலைமையில் நடந்த அகழாய்வில், ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. பிரித்துப் பார்த்தபோது உள்ளே மையெழுத்து தெரிந்தது. காற்றுப் பட்டதும் அது மங்கத் தொடங்கியது. அகச்சிவப்பு ஒளிப்படங்கள் எடுத்த பிறகே எழுத்துகளைப் படிக்க முடிந்தது. ஆலன் போமன், டேவிட் தாமஸ் ஆகிய அறிஞர்கள் இவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். இதுவரை 1,700 க்கும் மேற்பட்ட சுவடிகள் கிடைத்துள்ளன. நமது ஓலைச்சுவடியைப் போல எழுத்தாணியால் கீறியவை அல்ல இவை. அஞ்சலட்டை அளவுள்ள மரத்தகட்டில் பேனாவும் மையும் கொண்டு எழுதி, நடுவே மடித்து, வெளிப்புறம் முகவரி எழுதி அனுப்பினர்.

இவற்றில் படைத்தலைவர்களின் வீரப்பேச்சு எதுவுமில்லை. முதலாம் துங்ரியப் படைப்பிரிவின் அறிக்கை ஒன்றைப் பாருங்கள். மொத்தம் 752 பேர். அவர்களில் 456 பேர் வெளியூர்ப் பணியில் இருந்தனர். கோட்டையில் இருந்த 296 பேரில் 31 பேர் பணிக்குத் தகுதியற்றவர்கள்: 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்நோய். உலகை ஆண்ட பேரரசின் எல்லையில், ஆயிரம் பேருக்கானது எனப்பட்ட படையில் அன்று கோட்டைக்குள் பணிக்குத் தகுதியோடு இருந்தவர்கள் 265 பேரே. இன்னொரு கடிதத்தில் ஒரு படை அலுவலர் வீரர்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பிவையுங்கள் என்று கேட்கிறார். காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதைச் சொல்லும் கடிதம் ஒன்று உண்டு. கடல் கடந்து வந்த தன்னைக் குற்றமின்றிப் பிரம்பால் அடித்தார்கள் என்று முறையிடும் மனுவும் உண்டு. உள்ளூர் மக்களைப் பற்றிய குறிப்பொன்று அவர்களை அற்பப் பிரிட்டானியர் என்ற இளக்காரச் சொல்லால் சுட்டுகிறது. இத்தனைக்கும் அங்கிருந்த வீரர்கள் இத்தாலியர் அல்லர். ரோம் வென்றடக்கிய இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பகுதிகளிலிருந்து வந்தவர்கள்.

கி.பி. 100 அளவில் கிளாடியா செவெரா என்பவர், விண்டோலாண்டா தளபதி செரியாலிஸின் மனைவி லெபிடினாவைத் தமது பிறந்தநாளுக்கு அழைத்து எழுதிய கடிதம் மிகப் புகழ்பெற்றது. நாள் செப்டம்பர் 11. உடலை எழுத்தர் எழுத, முடிவு வரிகளைச் செவெரா தம் கையாலேயே எழுதியுள்ளார். பெண் ஒருவரின் கையால் எழுதப்பட்ட மிகப் பழைய இலத்தீன் எழுத்துகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தமிழ் வாசகர் நின்று பார்க்கவேண்டியது வேறொரு கணக்குச் சுவடி. வீரர்கள் வாங்கிய பொருள்களின் பட்டியலில், தாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்பவர் பெயருக்கு நேரே மிளகு, இரண்டு தெனாரி என்று பதிவாகியுள்ளது. ரோமானிய உலகுக்குக் கருமிளகு மேற்கு மலைத்தொடரின் சரிவுகளிலிருந்து சென்றது. சேரநாட்டு முசிறியில் யவனர் கலங்கள் நடத்திய மிளகு வணிகத்தை அகநானூற்றின் 149 ஆம் பாடல் பேசுகிறது. செங்கடல் துறையான பெரெனிகேயில் இந்தியத் தாழி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்துள்ளது. அங்கிருந்து ஒட்டகத்திலும் நைல் நதிப் படகிலும் அலெக்சாந்திரியா சென்று, மத்தியதரைக் கடலையும் கால் மாகாணத்தையும் கடந்து, மிளகு வட பிரிட்டனின் குளிர் மூலையில் சாதாரண வீரனின் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. மிளகு செல்வர் வீட்டுப் பொருள் மட்டுமே என்போர் இந்த ஒரு வரியைப் படிக்கவேண்டும்.

சுவடிகளில் பெரும்பாலானவை இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. சில மட்டுமே கடனாக விண்டோலாண்டாவுக்குத் திரும்பி வந்துள்ளன. கண்டெடுத்த ஊரிலேயே அவை இருப்பதுதான் முறை என்று தோன்றுகிறது. லண்டன் கண்ணாடிப் பேழையில் இவை சிறு பழுப்புச் சிம்புகளாகவே தெரியும். எனவே முதலில் கோட்டையைப் பார்த்துவிட்டு, பிறகு லண்டன் செல்வது நல்லது. சஃபோக்கில் 1992 இல் புதையலாகக் கிடைத்த ஹாக்ஸ்னே வெள்ளி மிளகுக் குப்பிகளையும் அதே அருங்காட்சியகத்தில் காணலாம். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. விண்டோலாண்டாவை அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. கட்டணம் உண்டு, அது அகழாய்வுக்கே செல்கிறது. கோடைக்காலத்தில் முன்பதிவு செய்த தன்னார்வலர்கள் தோண்டும் பணியில் ஈடுபடுவதைப் பார்வையாளர் அருகிலிருந்து காணலாம். அருகிலுள்ள ரயில் நிலையம் பார்டன் மில்.

விண்டோலாண்டாவின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. மேற்கே உள்ள மேக்னா கோட்டையிலும் இதேபோன்ற ஈர மண் அடுக்குகள் உண்டு. கோடைகள் வெப்பமாகி, சதுப்பு நிலம் வறண்டால் வெடிப்புகள் வழியே காற்று உள்ளே புகும். பிறகு மரமும் தோலும் மையும் நிலைக்காது. இந்த அச்சத்தால் மேக்னாவில் மண்ணின் ஈரத்தைக் கருவிகள் கொண்டு கண்காணித்து வருகின்றனர். 2023 இல் அங்கே ஐந்தாண்டு அகழாய்வும் தொடங்கப்பட்டது.